அலைன்மென்ட் பண்ணியும் வண்டி இழுக்குதே! – வாசகர் கேள்வி பதில்

மழை விட்டு ரோட்டில் குழி தெரிய ஆரம்பித்தால் எங்களுக்குக் கடிதம் வர ஆரம்பித்துவிடும். இந்த முறை வந்தவற்றில் ஸ்டீரிங், சஸ்பென்ஷன் பற்றியவற்றை மட்டும் எடுத்துக்கொண்டோம். ஒரே மாதிரிக் கேள்விகளைச் சேர்த்து ஒரே பதிலாகத் தந்திருக்கிறோம்.

புதூர் வாசகர்: என் சிறிய கார் 62,000 கி.மீ. ஓடியிருக்கிறது. ஸ்டீரிங்கை விட்டால் இடப்பக்கம் இழுக்கிறது. இரண்டு மாதத்தில் மூன்று தடவை அலைன்மென்ட் செய்துவிட்டேன். ஒவ்வொரு தடவையும் கம்ப்யூட்டர் சீட்டில் எல்லாம் பச்சை. வண்டி மட்டும் இழுப்பதை விடவில்லை. ஏன்?

நீங்கள் மூன்று தடவை சரிசெய்தது அநேகமாக டோ மட்டும். இரண்டு முன்சக்கரங்களும் மேலிருந்து பார்க்கும்போது உள்நோக்கியோ வெளிநோக்கியோ திரும்பியிருக்கும் அளவுதான் டோ. அது தப்பாக இருந்தால் டயர் தேயும், நேராக ஓடும்போது ஸ்டீரிங் கோணலாக நிற்கும். ஆனால் வண்டி ஒரு பக்கமாக இழுக்காது. இரண்டு சக்கரமும் அந்தத் தப்பைப் பாதிப்பாதியாகப் பங்கிட்டுக்கொண்டுவிடும். ஆகவே டோவை முப்பது தடவை வைத்தாலும் உங்கள் இழுப்பு போகாது.

முதலில் ரோட்டைச் சந்தேகியுங்கள். மழைத்தண்ணீர் வடிய நம் ரோடுகள் நடுவில் மேடாகவும் ஓரத்தில் தாழ்வாகவும் போடப்படுகின்றன. இடப்பக்கம் ஓட்டும் நாட்டில் எந்த வண்டியும் மெதுவாக இடப்பக்கம் சரியும், அது கோளாறு இல்லை. சமதளமான, ஆளில்லாத இடத்தில் ஓட்டிப் பார்த்து, அங்கேயும் இழுத்தால் மேலே படியுங்கள்.

காலையில் வண்டி எடுக்குமுன், டயர் குளிர்ந்திருக்கும்போது, இரண்டு முன் டயரிலும் காற்று ஒரே அளவா என்று ஒரே கேஜில் பாருங்கள். சரியாக இருந்தால் முன் இரண்டு சக்கரங்களையும் இடம் வலமாக மாற்றிப் போடுங்கள். ஓடும் திசைக்கு அம்புக்குறி போட்ட டயராக இருந்தால் இதைச் செய்யக் கூடாது. மாற்றியபின் வண்டி வலப்பக்கம் இழுத்தால் குற்றவாளி டயர்தான். உள்ளே இருக்கும் பெல்ட் சரியாக உட்காராத ரேடியல் டயர் இப்படித்தான் ஒரு பக்கம் தள்ளும். அந்த டயரைப் பின்னால் கொண்டுபோங்கள்.

மாற்றியும் இடப்பக்கமே இழுத்தால் பிரேக். அதிகம் பிரேக் போடாமல் பத்து கி.மீ. ஓட்டிவிட்டு நிறுத்தி, உள்ளங்கையை ரிம்முக்குப் பக்கத்தில் கொண்டுபோங்கள், தொட வேண்டாம். ஒரு சக்கரம் மட்டும் அனலாக இருந்தால் காலிப்பரின் (பிரேக் பேடை அழுத்தும் கவ்வி) பின் கம்பி காய்ந்து பேட் ஒட்டிக்கொண்டே ஓடுகிறது. கழற்றிச் சுத்தம் செய்து, அதற்கான கிரீஸ் வைத்தால் போகும்.

இது எல்லாம் தாண்டியும் இருந்தால்தான் கேம்பர் (முன்னாலிருந்து பார்க்கும்போது சக்கரம் சாய்ந்திருக்கும் அளவு), காஸ்டர் (பக்கவாட்டில் பார்க்கும்போது சக்கரம் திரும்பும் அச்சு சாய்ந்திருக்கும் அளவு) கணக்கு. இடம் வலம் இரண்டுக்கும் கேம்பரில் அரை டிகிரிக்கு மேல் வித்தியாசம் இருந்தால் இழுப்பு கையில் தெரியும். பெரும்பாலான சிறிய கார்களில் முன்னால் டோவைத் தவிர எதையும் திருகி மாற்ற முடியாது. கேம்பர் அளவு தப்பு என்றால் ஏதோ ஒன்று வளைந்திருக்கிறது என்று அர்த்தம்: லோயர் ஆர்ம் (சக்கரத்தை அடியில் வண்டியோடு இணைக்கும் கை), ஸ்ட்ரட் (ஷாக் அப்சார்பரும் ஸ்பிரிங்கும் சேர்ந்த தூண்), நக்கிள் (சக்கரத்தைத் தாங்கித் திரும்பும் துண்டு), அல்லது இடத்தைவிட்டு நகர்ந்த சப்ஃப்ரேம் (இவற்றைத் தாங்கும் அடிச்சட்டம்). ஸ்ட்ரட்டை ஜாக்கி வைத்து வளைத்து ‘கேம்பர் செட்டிங்’ என்று காசு வாங்குவோர் உண்டு. கம்ப்யூட்டர் பச்சை காட்டும், வளைந்த உலோகம் வளைந்தபடிதான் இருக்கும். அடுத்த தடவை போகும்போது செட்டிங்குக்கு முன் எடுத்த அளவு, பின் எடுத்த அளவு இரண்டும் உள்ள சீட்டைக் கேட்டு வாங்குங்கள். முன் அளவைப் பார்த்தாலே பாதி நோய் தெரிந்துவிடும்.

திருமங்கலம் வாசகர்: நான்குவழிச் சாலையில் 80ஐத் தாண்டினால் ஸ்டீரிங் கையில் நடுங்குகிறது. 100ஐத் தாண்டினால் குறைகிறது. 70க்குக் கீழ் ஒன்றுமே இல்லை.

குறிப்பிட்ட வேகத்தில் வந்து போகிற நடுக்கம் என்றால் வீல் பேலன்சிங். ஒட்டியிருந்த ஈயத்துண்டு விழுந்திருக்கும், இல்லையேல் ரிம்மின் உட்பக்கம் வயல் சேறு காய்ந்து ஒட்டியிருக்கும். சேற்றைச் சுரண்டி எடுத்தபிறகு பேலன்ஸ் பண்ணச் சொல்லுங்கள். சேற்றோடு பேலன்ஸ் பண்ணினால் அது உதிர்ந்த மறுநாள் நடுக்கம் திரும்பும். பிரேக்கை மிதிக்கும்போது மட்டும் நடுங்கினால் டிஸ்க் கோணலாகிவிட்டது. பேலன்சிங்குக்குப் பிறகும் நிற்கவில்லையா? முன் சக்கரங்களைப் பின்னால் போட்டுப் பாருங்கள். நடுக்கம் ஸ்டீரிங்கை விட்டு சீட்டுக்கு வந்தால் ரிம் வளைந்திருக்கிறது, அல்லது டயர் உருண்டை கெட்டிருக்கிறது. சக்கரம் மாட்டும்போது ஹப் (சக்கரம் உட்காரும் நடுப்பகுதி) முகத்தில் இருக்கும் துருவை கம்பி பிரஷ்ஷால் தேய்த்துவிட்டு, நட்டுகளை எதிர் எதிராக இறுக்குங்கள். வரிசையாக ஒரு சுற்றில் இறுக்கினால் சக்கரம் ஒரு மயிரிழை சாய்ந்து உட்காரும், அதுவே 90 கி.மீ.யில் நடுக்கம்.

உசிலம்பட்டி வாசகர்: எங்கள் ஊர் ரோட்டில் வண்டியின் முன்பக்கம் ‘கடகட’ என்று ஒரே சத்தம். ஒர்க்‌ஷாப்பில் லிங்க் ராட், லோயர் ஆர்ம், ஷாக் அப்சார்பர், ஸ்ட்ரட் மவுண்ட், ராக் (ஸ்டீரிங் திருப்பத்தைச் சக்கரத்துக்குக் கொண்டுபோகும் பல்சட்டம்) எல்லாம் மாற்ற வேண்டும் என்று பட்டியல் கொடுத்துவிட்டார்கள். பட்டியலைப் பார்த்ததும் தலை சுற்றுகிறது. எது உண்மையில் போயிருக்கிறது என்று நானே பார்க்க வழி உண்டா?

உண்டு. ஒரு மணி நேரமும், ஒரு ஜாக்கியும், இரண்டு ஜாக்கி ஸ்டாண்டும், உடன் ஒரு ஆளும் போதும். வண்டியை ஸ்டாண்டில் உட்கார வைக்காமல் ஜாக்கியை மட்டும் நம்பி அடியில் தலையை நீட்டாதீர்கள்.

சத்தம் எப்போது வருகிறது என்று முதலில் பிரியுங்கள். சின்னச் சின்னக் கல்லில் மெதுவாகப் போகும்போது லேசான ‘கிடகிட’ என்றால் லிங்க் ராட்தான் முதல் சந்தேகம். பிரேக் போடும்போதும், ரிவர்ஸ் எடுத்து நிறுத்தும்போதும் ஒரே ஒரு ‘டொக்’ என்றால் லோயர் ஆர்ம் புஷ் (ஆர்மை மாட்டும் இடத்தில் இருக்கும் ரப்பர் உறை). நின்ற இடத்தில் ஸ்டீரிங்கைத் திருப்பும்போது ஸ்பிரிங் ‘டொய்ங்’ என்று குதித்தால் ஸ்ட்ரட் பேரிங். வேகத்தடையில் இறங்கும்போது பெரிய ‘தட்’ என்றால் ஷாக் அப்சார்பரோ அதன் பம்ப் ஸ்டாப்பரோ.

லிங்க் ராட் என்பது ஸ்டெபிலைசர் பாரையும் (வளைவில் வண்டி சாயாமல் பிடிக்கும் கம்பி) ஸ்ட்ரட்டையும் (சில வண்டியில் லோயர் ஆர்மையும்) இணைக்கும் குச்சி. இரண்டு முனையிலும் சின்ன பால் ஜாயின்ட் (உருண்டை மூட்டு). அதைச் சோதிக்க மிகச் சுலபமான வழி, கழற்றிவிட்டு ஓட்டுவது. இரண்டு பக்கத்தையும் கழற்றுங்கள், பார் எதிலும் இடிக்காமல் கட்டுங்கள், அதே ரோட்டில் 20 கி.மீ. வேகத்தில் ஓட்டுங்கள். சத்தம் போய்விட்டதா? பட்டியலில் மீதி எல்லாவற்றையும் அடித்துவிடலாம். லிங்க் இல்லாமல் வளைவில் வண்டி அதிகமாகச் சாயும், அதனால் தெரு தாண்டி ஓட்ட வேண்டாம். கழற்றும்போது நட்டோடு பால் ஜாயின்ட் தண்டும் சேர்ந்து சுற்றும். தண்டின் நுனியில் ஆலன் கீ போட குழி இருக்கும் அல்லது பின்னால் ஸ்பானர் பிடிக்க இரண்டு பக்கம் தட்டையாக இருக்கும். அதைப் பிடித்துக்கொண்டு நட்டைக் கழற்றுங்கள். போட்டால் இரண்டு பக்கமும் புதிதாகப் போடுங்கள்.

சத்தம் போகவில்லை என்றால் சக்கரத்தைத் தூக்குங்கள். ஸ்ட்ரட் வைத்த சிறிய கார்களில் பாடியின் ஜாக்கி பாயின்டில் தூக்கி, சக்கரம் தொங்கட்டும். ஸ்பிரிங் லோயர் ஆர்ம் மேல் உட்கார்ந்திருக்கும் இன்னோவா கிரிஸ்டா மாதிரி வண்டியில் லோயர் ஆர்முக்கு அடியில் ஜாக்கி கொடுக்க வேண்டும்; இல்லாவிட்டால் ஸ்பிரிங்கின் அழுத்தம் தேய்ந்த பால் ஜாயின்டைக்கூட இறுக்கிப் பிடித்துக்கொண்டு ஆட்டம் காட்டாது.

இப்போது சக்கரத்தைக் கடிகார முகமாக நினைத்து, 3 மணி, 9 மணி இடத்தில் பிடித்து ஆட்டுங்கள். ஆடினால் டை ராட் எண்ட் (ராக்கையும் நக்கிளையும் இணைக்கும் தண்டின் வெளி முனை) அல்லது ராக் எண்ட் (அதன் உள் முனை). உடன் இருப்பவர் டை ராட் எண்டின் மேல் விரலை வைத்துப் பார்க்கட்டும். அங்கே துள்ளல் தெரியாமல் ராக் முனையின் ரப்பர் பூட் (உறை) உள்ளே தெரிந்தால் ராக் எண்ட். அடுத்து 12, 6 மணியில் பிடித்து ஆட்டுங்கள். ஆடினால் பால் ஜாயின்ட் அல்லது வீல் பேரிங். எது என்று தெரிய, உடன் இருப்பவரை பிரேக்கை மிதித்துப் பிடிக்கச் சொல்லுங்கள். பிரேக் மிதித்ததும் ஆட்டம் நின்றால் பேரிங். நிற்காவிட்டால் பால் ஜாயின்ட். ஒரு லீவர் ராடை லோயர் ஆர்முக்கும் நக்கிளுக்கும் நடுவில் கொடுத்து மெல்ல நெம்பினால் பால் ஜாயின்ட் ஏறி இறங்குவது கண்ணுக்கே தெரியும்.

லோயர் ஆர்ம் புஷ்ஷை டார்ச் அடித்துப் பாருங்கள். மேலே மயிர்க்கோடு போல வெடிப்பு இருந்தால் பயமில்லை. ரப்பர் உலோகத்தை விட்டுப் பிரிந்து விரல் நகம் உள்ளே போகும் அளவு கிழிந்திருந்தால் மாற்றுங்கள். மாற்றும்போது நிறையப் பேர் செய்யும் தப்பு ஒன்று உண்டு. சக்கரம் தொங்கும்போதே புஷ் போல்ட்டை முழுசாக இறுக்கிவிடுகிறார்கள். வண்டியைக் கீழே இறக்கியதும் ஆர்ம் மேலே எழும். புஷ்ஷின் ரப்பர் முறுக்கிய நிலையிலேயே நாள் முழுக்க நிற்கும். புதுப் புஷ் சீக்கிரமே கிழியும், பழி பார்ட்ஸ் கடைக்காரர் தலையில் விழும். போல்ட்டைக் கையால் போட்டு, சக்கரத்தை மாட்டி, வண்டியின் எடை தரையில் இறங்கியபிறகு கடைசி இறுக்கு இறுக்கச் சொல்லுங்கள்.

ராக்குக்கு: வண்டி தரையில், எஞ்சின் நிறுத்தி, சாவி போட்டு ஸ்டீரிங் லாக்கை மட்டும் விடுவித்து, ஒருவர் ஸ்டீரிங்கை இரண்டு விரல் அளவு இப்படியும் அப்படியும் ஆட்டட்டும். இன்னொருவர் பானெட்டுக்குள் கை வைத்து எந்த இணைப்பில் தட்டல் வருகிறது என்று தொட்டுப் பார்க்கலாம். ராக் மேல் பழி போடுமுன் ஸ்டீரிங் காலம் (ஸ்டீரிங் தண்டு) ஜாயின்டையும் ராக் மவுண்ட் புஷ்ஷையும் பாருங்கள். ராக்கில் இருக்கும் அட்ஜஸ்டரை இறுக்கிச் சத்தத்தை அடக்குவதாகச் சொன்னால் எச்சரிக்கை: அதிகம் இறுக்கினால் சத்தம் போகும், கூடவே வளைவு முடிந்ததும் ஸ்டீரிங் தானாகத் திரும்பி வருவதும் போய்விடும்.

உங்கள் பட்டியலில் இத்தனையும் ஒன்றாகக் கெட்டிருப்பது அபூர்வம். சோதனையில் தப்பு என்று தெரிந்ததை மட்டும் மாற்றுங்கள்.

எல்லிஸ் நகர் வாசகர்: ஷாக் அப்சார்பரை எத்தனை ஆயிரம் கி.மீ.க்கு ஒருமுறை மாற்ற வேண்டும்?

கி.மீ. கணக்கு இல்லை. தண்டு பக்கம் லேசான எண்ணெய் ஈரம் இருந்தால் விடலாம். எண்ணெய் வழிந்து தூசி சேறாகியிருந்தால் போய்விட்டது. பானெட் ஓரத்தை அழுத்திவிட்டால் ஒன்று ஒன்றரை ஆட்டத்தில் நிற்க வேண்டும். டயர் மேல் கையை ஓட்டினால் அலை அலையாகப் பள்ளம் தெரிந்தால் அதுவும் அடையாளம். முன் இரண்டையும் சேர்த்து, அல்லது பின் இரண்டையும் சேர்த்து மாற்றுங்கள். ஸ்ட்ரட்டின் மேல் நடு நட்டை ஸ்பிரிங் கம்ப்ரஸர் போட்டு ஸ்பிரிங்கை அடக்காமல் யாரும் தொடக் கூடாது. அழுத்தி வைத்திருக்கும் ஸ்பிரிங் விடுபட்டால் முகம் போகும், உயிரும் போகும்.

மேலூர் வாசகர்: எனக்கு ஸ்பானர் பிடிக்கத் தெரியும். டை ராட் எண்ட்டை வீட்டிலேயே மாற்றலாமா? முறை சொல்லுங்கள்.

மாற்றலாம். முதல் நாள் மாலையே லாக் நட்டிலும் திரெட்டிலும் துரு நீக்கும் ஸ்ப்ரே அடித்து வையுங்கள். மறுநாள் ஸ்டீரிங்கை நேராக வைத்து, முன்பக்கம் தூக்கி ஸ்டாண்டில் உட்கார வையுங்கள், பின் சக்கரங்களுக்குக் கல் அணை கொடுங்கள். லாக் நட்டைக் கால் சுற்று மட்டும் தளர்த்துங்கள். திரெட்டில் வெள்ளை பெயிண்டால் ஒரு கோடு போடுங்கள்.

ஸ்ப்ளிட் பின்னை (நட்டு கழலாமல் பிடிக்கும் பிளவுக் கம்பி) எடுத்து, கேசில் நட்டைக் (அந்தப் பின் போட வாய் வெட்டிய நட்டு) கழற்றுங்கள், ஆனால் முழுதாக எடுத்துவிடாமல் நான்கைந்து திரெட் பிடிப்பில் விடுங்கள். டை ராட் எண்ட் கூம்பு வடிவில் நக்கிளுக்குள் இறுகியிருக்கும். போல்ட் முனையை அடித்துத் தளர்த்துவதுதான் எல்லோரும் செய்யும் வேலை. திரெட் கெட்டு நட்டே வெளியே வராது. அதைத் தொடாமல், நக்கிளின் கண்ணைச் சுற்றிப் பக்கவாட்டில் ஒரு கிலோ சுத்தியலால் இரண்டு மூன்று சரியான அடி கொடுங்கள். கூம்பு ‘டப்’ என்று விட்டுவிடும். புல்லர் இருந்தால் இன்னும் சுலபம்.

இப்போது டை ராட் எண்ட்டைச் சுழற்றிக் கழற்றும்போது எத்தனை முழுச் சுற்று என்று எண்ணி ஒரு சீட்டில் எழுதுங்கள். புதியதை அதே எண்ணிக்கையில் ஏற்றுங்கள். ஒரே ஒரு சுற்று கூடிக் குறைந்தாலும் டோ பல மில்லிமீட்டர் மாறிவிடும். நக்கிளில் மாட்டி, கம்பெனி கையேட்டில் சொன்ன டார்க்கில் (இறுக்கும் விசை அளவு) இறுக்குங்கள். ஸ்ப்ளிட் பின் துவாரம் நேர்கோட்டில் வரவில்லை என்றால் நட்டைத் தளர்த்தி நேராக்காதீர்கள், மேலும் கொஞ்சம் இறுக்கி நேராக்குங்கள். ஸ்ப்ளிட் பின் எப்போதும் புதிது. பழையதை நிமிர்த்திப் போட்டால் ஓட்டத்தில் முறியும்.

வண்டியை இறக்கிவிட்டு, அலைன்மென்ட் கடைக்குப் போகுமுன் ஒரு தோராய அளவு பார்க்கலாம். இரண்டு முன் டயர்களின் நடுக்கோட்டிலும் முன்பக்கமாக, ஹப் உயரத்தில் சாக்பீஸால் ஒரு குறி போட்டு, டேப்பில் குறிக்குக் குறி அளந்து எழுதுங்கள். வண்டியைத் தள்ளி அதே குறிகள் பின்பக்கம் வரும்வரை உருட்டி மறுபடி அளங்கள். முன் அளவுக்கும் பின் அளவுக்கும் 2 மி.மீ.க்கு மேல் வித்தியாசம் இருக்கக் கூடாது. இது கடைவரை ஓட்டப் போதும். கடைக்குப் போய்ச் சரியாக வைத்துக்கொள்ள வேண்டியது கட்டாயம்.

அண்ணா நகர் வாசகர்: காலையில் வண்டி எடுத்ததும் ஸ்டீரிங் கல் மாதிரி இருக்கிறது. பத்து நிமிடத்தில் லேசாகிவிடுகிறது. பவர் ஸ்டீரிங் வேலை செய்யாமல் போகுமா?

எந்த வகை என்று எழுதவில்லை. எலெக்ட்ரிக் வகையா, எண்ணெய் வகையா என்று பாருங்கள். பானெட்டில் ஸ்டீரிங் ஆயில் டப்பா இருந்தால் எண்ணெய் வகை.

எண்ணெய் வகையில் காலையில் பம்ப் முனகல் சத்தம் கேட்கிறதா? டப்பாவில் நுரை இருந்தால் காற்று உள்ளே போகிறது. அளவு குறைந்திருந்தால் எங்கோ ஒழுகுகிறது. அந்த எண்ணெய் எரிந்தோ செலவாகியோ தீராது. ராக்கின் ரப்பர் பூட்டை அழுத்திப் பாருங்கள், உள்ளே எண்ணெய் தளும்பினால் ராக் சீல் போய்விட்டது. பெல்ட் தளர்ந்திருந்தால் காலையில் கீச்சிடும். டப்பாவின் மூடியில் என்ன எண்ணெய் என்று எழுதியிருக்கும், கையில் கிடைத்ததை ஊற்ற வேண்டாம். ஊற்றியபின் முன் சக்கரத்தைத் தூக்கி, எஞ்சின் நிறுத்தியபடி ஸ்டீரிங்கை இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் பத்துப் பதினைந்து தடவை திருப்பினால் காற்று வெளியேறும். கோடியில் திருப்பி அப்படியே பிடித்துக்கொண்டு நிற்பது பம்பைச் சூடாக்கும்.

எலெக்ட்ரிக் வகையில் மீட்டரில் ஸ்டீரிங் விளக்கு எரிகிறதா என்பது முதல் கேள்வி. எரியவில்லை என்றால் பேட்டரி. காலையில் ஸ்டார்ட் ஆனதும் வோல்டேஜ் குறைந்து நின்றால் மோட்டாருக்குக் கொடுக்கும் உதவி குறையும். டெர்மினலைச் சுத்தம் செய்து, எர்த் கம்பியை இறுக்கிப் பாருங்கள். நின்ற இடத்தில் அடிக்கடி கோடிவரை திருப்பினால் மோட்டார் சூடாகி, தன்னைக் காத்துக்கொள்ள உதவியைக் குறைத்துக்கொள்ளும். ஆறியதும் சரியாகிவிடும்.

விளக்கும் இல்லை, பேட்டரியும் நல்லது என்றால் டயர் காற்றைப் பாருங்கள். பிறகு ஸ்டீரிங் காலம் யுனிவர்சல் ஜாயின்ட். காலில் படும் இடத்தில் இருப்பதால் நனைந்து துருப்பிடித்திருக்கும். ஒரு இடத்தில் இறுக்கமும் அடுத்த இடத்தில் லேசும் என ஸ்டீரிங் மாறி மாறி வந்தால் அதுதான்.

சோழவந்தான் வாசகர்: எங்கள் தோட்டத்து ஜீப்பில் தேங்காய் மூட்டை ஏற்றுவோம். பின்னால் ஒரு பக்கம் சாய்ந்துவிட்டது. நேராக ஓட்டினாலும் நண்டு போல் குறுக்காகப் போகிறது. இன்னொரு ஸ்பிரிங் பிளேட் சேர்த்தால் சரியாகுமா?

நண்டு நடை என்றால் பின் ஆக்ஸில் இடம் மாறியிருக்கிறது. ஸ்பிரிங் கட்டின் முன் கண் போல்ட்டிலிருந்து ஆக்ஸில் நடுவரை இரண்டு பக்கமும் டேப் போட்டு அளங்கள். 5 மி.மீ.க்கு மேல் வித்தியாசம் இருந்தால் ஒரு பக்கம் சென்டர் போல்ட் (பிளேட்டுகளை நடுவில் கோத்துப் பிடிக்கும் போல்ட்) முறிந்திருக்கும். அது முறிவதற்கு முன் யூ போல்ட் (ஸ்பிரிங் கட்டை ஆக்ஸிலோடு சேர்த்துக் கட்டும் போல்ட்) தளர்ந்திருக்கும். யூ போல்ட் இறுக்கிப் பிடிக்கும்வரை சென்டர் போல்ட்டுக்குப் பாரமே இல்லை. சென்டர் போல்ட்டையும் யூ போல்ட்டுகளையும் புதிதாகப் போட்டு, சுமையோடு வண்டி தரையில் நிற்கும்போது எதிர் எதிராக இறுக்கச் சொல்லுங்கள். இருநூறு முந்நூறு கி.மீ. ஓடியதும் மறுபடி ஒரு தடவை இறுக்க வேண்டும். இதை மறந்தால் அதே போல்ட் அதே இடத்தில் முறியும்.

சாய்ந்த பக்கத்தில் மெயின் பிளேட் உடைந்திருக்கிறதா பாருங்கள். உடைந்ததை வெல்டிங் வைக்காதீர்கள். சூட்டில் ஸ்பிரிங் எஃகின் பதம் போய்விடும், ஒட்டு நிற்கும், அதன் பக்கத்தில் முறியும். பிளேட் கூட்டுவது பற்றி: சாய்வு குறையும், ஆனால் ஆக்ஸில், பேரிங், பிரேக் எல்லாம் பழைய அளவுதான். காலி வண்டி குதிக்கும். ஆர்.சி.யில் எழுதிய எடைக்குள் ஏற்றினால் கம்பெனி கொடுத்த பிளேட்டே போதும்.

கே.கே. நகர் வாசகி: அடுத்த வாரம் குடும்பத்தோடு சிறுமலை போகிறோம், 18 கொண்டை ஊசி வளைவு. ஸ்டீரிங்கை முழுக்கத் திருப்பினால் ‘டக் டக் டக்’ என்று முன் சக்கரப் பக்கம் சத்தம் வருகிறது. போகலாமா?

அந்தச் சத்தம் டிரைவ் ஷாஃப்டின் (எஞ்சின் சக்தியை முன் சக்கரத்துக்குக் கொண்டுபோகும் தண்டு) வெளி ஜாயின்ட். ரப்பர் பூட் கிழிந்து கிரீஸ் வெளியேறி, உள்ளே தண்ணீரும் மண்ணும் போயிருக்கும். டயரின் உட்பக்கம், ரிம்மின் உட்பக்கம் கருப்பாகக் கிரீஸ் தெறித்திருந்தால் சந்தேகமே வேண்டாம். சத்தம் வந்துவிட்டால் புது பூட் மட்டும் போட்டுப் பயனில்லை, உள்ளே உருண்டைகள் ஓடும் பள்ளம் தேய்ந்துவிட்டது. ஜாயின்ட்டையே மாற்ற வேண்டும். போகும் முன் மாற்றிவிட்டுப் போங்கள். கொண்டை ஊசி வளைவில் ஏறும்போதுதான் அந்த ஜாயின்ட்டுக்கு முழுப் பாரமும் முழுத் திருப்பமும் ஒன்றாக விழும். அது கழன்றால் எஞ்சின் ஓடும், வண்டி ஏறாது.

மாற்றச் சொல்லும்போது ஹப் நட் புதிதாகப் போடச் சொல்லுங்கள். அடுத்த பக்கத்து ரப்பர் பூட்டையும் விரலால் மடித்துப் பாருங்கள். மடிப்பின் அடியில்தான் முதல் வெடிப்பு வரும். அங்கே வெடிப்பு இருந்து இன்னும் சத்தம் வராமல் இருந்தால், அந்தப் பக்கத்துக்குப் பூட்டும் கிட்டோடு வரும் கிரீஸ் பாக்கெட்டும் கிளாம்பும் போதும்.